போதனையும் கோதுமையும்

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் விளங்காது. 'போதிப்பது வேறு, கோதுமை கொடுப்பது வேறு' என்பது ஸ்பானியப் பழமொழி. அறவுரை கூறுதல் எளிது. அதன்படி ஈதல் அரிது என்பது கருத்து. இதனை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால், படிப்போர் கோதுமை ஏன் வந்தது எனத் திகைப்பர். ஆதலின், செயலினும் சொல் எளிது எனப் பொருள்படும் ஆங்கில வழக்கையே மொழிபெயர்ப்பாளர் ஆள்வர்.

'பாலைவனத்தில் போதித்தல்' என்னும் ஸ்பானியத் தொடரோ, கேளாதார்க்கு உரைத்தலைக் குறிக்கும். பாலையில் ஒலிக்கும் குரல் ஆங்கிலத்திலும் உண்டு. இரண்டும் விவிலியத்தில் வேர்கொண்டவை. ஆகவே பாலை அங்கும் நிலைக்கிறது.

கோதுமையை விடுத்தால் கருத்து வாழும். களத்து மணம் மறையும். கதையில் பசித்த உழவன் ஒருவன் அப்பழமொழியைக் கூறுவானாயின், கோதுமையைக் காப்பதே முறை. எதைக் காப்பது, எதை விடுப்பது எனத் தெளிதலே மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.