விழுந்த மரத்தை அறுப்பதற்கு முன்

இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள், தம்பி. அடுத்த புயலுக்கு நீங்களே இறங்கி மரம் அகற்றப்போவதாகச் சொல்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் விழுந்த மரம் செத்த பாம்பு இல்லை என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்று, புயலின் கண் சென்னையைக் கடந்தபோது ஓய்ந்தது. பிறகு திசை மாறி அடித்தது. முதல் காற்றில் வேர் தளர்ந்து நின்றவற்றை இரண்டாவது காற்று சாய்த்தது. நகரெங்கும் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. ராயபுரம், திருவொற்றியூர் சந்துகளில் மாநகராட்சி வண்டி எப்போது வருமென்று காத்திருந்தால் ஆம்புலன்ஸ்கூட நுழையாது. அதனால்தான் தெரு ஆட்கள் அரிவாளும் கோடாரியுமாக இறங்குகிறார்கள்.

முதலில் கம்பியைப் பாருங்கள். தெருவில் கரண்ட் இல்லை என்பதை நம்பாதீர்கள். எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் சரியாக இணைக்கப்படாமல் ஓடினால், அறுந்து கிடக்கும் கம்பியிலும் மின்சாரம் திரும்பி வரும். ஈர மரம் அதைக் கடத்தும். மின்வாரிய ஆள் வந்து சொல்லும்வரை கம்பி சிக்கிய மரத்தை யாரும் தொடக் கூடாது.

அடுத்தது, தண்டு எதன்மேல் கிடக்கிறது என்று பாருங்கள். இந்த முனை காம்பவுண்டுச் சுவரில், அந்த முனை தரையில், நடுப்பகுதி அந்தரத்தில் என்றால், தண்டின் மேற்பக்கம் நெருக்குண்டும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கிறது. மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு வாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை தொங்கினால் முறையே தலைகீழ்: முதல் வெட்டு கீழே, அப்புறம் மேலே.

எனக்கு எப்போதும் பயம் வேர்ப் பக்கம்தான். சாய்ந்த மரத்தோடு மண்ணும் சிமெண்டுப் பாளமும் ஒட்டிய வேர்த்தட்டு செங்குத்தாக நிற்கும். பக்கத்திலேயே பெரிய குழி. பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடுவார்கள். தண்டை அறுத்த நொடியில் எதிர்ப்பாரம் போய்விடும். வேர்த்தட்டு படாரென்று குழிக்குள்ளேயே திரும்ப விழும். அறுப்பதற்கு முன் ஒருவர் போய்க் குழியை எட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

மோட்டார் ரம்பத்தைப் பழகியவரிடம் விடுங்கள். அதன் நுனி எதிலாவது இடித்தால் முகத்தை நோக்கித் துள்ளும். மோட்டார் இல்லாமலும் வேலை நடக்கும். அமெரிக்காவில் 1964-இல் வந்த சட்டம் ஒன்று, பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் மோட்டார் கருவிகளைத் தடுக்கிறது. அங்கே மலைப்பாதையில் விழும் மரங்களை, பயிற்சி பெற்ற தொண்டர்கள் இன்றும் இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து இழுக்கும் நீள ரம்பத்தால் அறுக்கிறார்கள். மெதுவான வேலைதான், ஆனால் மரம் முனகுவது காதில் விழும். கிளையைக் கழிக்க, கயிறு கட்டி இழுக்க, ஓரமாக அடுக்க நமக்கும் கைக்கருவிகள் போதும். தண்டைத் தாங்கி நிற்கும் கிளையைக் கடைசியில் தொடுங்கள். குரல் கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விறகாக்கவும் வேண்டாம். அரசும் ஆலும் பூவரசும் விட்டுக்கொடுக்காத ஜாதி. வேரில் பாதி மண்ணோடு இருந்தால் ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள். கிளையைக் குறைத்து, ஜேசிபியால் நிமிர்த்தி, முட்டுக் கொடுத்தால் துளிர்க்க வாய்ப்பு இருக்கிறது. வர்தாவுக்குப் பிறகு சென்னையில் அப்படித் திரும்ப நட்டவை உண்டு. குல்மோகர், தூங்குமூஞ்சி மாதிரி சீக்கிரம் வளர்ந்து குடை விரிப்பவற்றுக்குத்தான் புயலில் சேதம் அதிகம்.

மரத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. கேபிளுக்கும் கால்வாய்க்கும் ஒரு பக்க வேரை வெட்டிவிட்டு, அடிமரம்வரை சிமெண்டு பூசினால் எது நிற்கும்? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் தெரு மரங்களின் அடியில் ஒரு முழமாவது சிமெண்டை உடைத்து மண் தெரிய விடுங்கள். வேர் தெரியும் இடத்தில் கடப்பாரையை ஓங்காதீர்கள். கையால் பெயர்த்து எடுங்கள்.