பெரிய எழுத்தில் திறந்து பாருங்கள்

"எந்த போனுக்கு டிசைன் பண்றீங்க?" என்று புது வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எந்த போனுக்கும் இல்லை என்பதுதான் பதில். 2007இல் முதல் ஐபோன் வந்தபோது ஒரே திரைதான்: மூன்றரை அங்குலம், 320க்கு 480 பிக்சல். பொத்தானை எங்கே வைத்தாலும் எல்லார் கையிலும் அங்கேயே இருக்கும். 2010இல் ஐபோன் 4 அதே மூன்றரை அங்குலத்தில் நான்கு மடங்கு பிக்சலை அடைத்தது. பிக்சலை நம்பி அளப்பது அன்றோடு சரி.

ஆண்ட்ராய்டில் திரைகளுக்குக் கணக்கே இல்லை. அங்கே எங்களைக் காப்பாற்றுவது டிபி என்ற அளவு. அங்குலத்துக்கு 160 பிக்சல் உள்ள திரையில் ஒரு டிபி ஒரு பிக்சல். 480 உள்ள திரையில் மூன்று. பொத்தானுக்கு 48 டிபி கொடுத்தால், எந்த போனிலும் ஏறக்குறைய விரல் பதியும் அளவில் வரும். அகலம் 840 டிபியைத் தொட்டால் பட்டியலையும் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். மடிக்கும் போனை நடுவில் விரிக்கும்போது, பாதி நிரப்பிய படிவம் அழியாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் வழிகாட்டிகளிலேயே இருக்கிறது. செயலியின் லட்சணம் தெரிய வேண்டுமானால், செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு 14இல் 200 சதவீதம் வரை போகலாம். கண்ணாடி போட்ட பெரியவரின் போன் ஆறரை அங்குலமாக இருக்கலாம். அதில் கொள்ளும் சொற்களை எண்ணினால் அது சின்னத் திரைதான். கட்டணம் கட்டும் செயலி ஒன்றில் 'பணம் செலுத்து' என்பது 'பணம் செ...' என்று நின்றது. கீபோர்டு எழுந்ததும் அதுவும் மறைந்தது.

தமிழ் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கும். உயரத்தை இறுக்கிக் கட்டினால் 'கீ'யின் சுழி வெட்டுப்பட்டு 'கி' மாதிரி தெரியும். உயரத்துக்குக் குறைந்தபட்சம் மட்டும் சொல்லிவிட்டு, மேலே வளரவிட வேண்டும். வரி மடங்கினால் மடங்கட்டும். பக்கம் நகர்ந்தால் போதும்.

அதனால் நான் முதலில் வரைவது 320 டிபி அகலத்தில், தமிழில், பெரிய எழுத்தில். அங்கே எல்லாம் அடங்கிவிட்டால் டேப்லெட்டுக்கு விரிப்பது சுலபம். அந்தச் சின்னத் திரையைக் காட்டும்போதுதான் வாடிக்கையாளர் லோகோவைப் பெரிதாக்கச் சொல்வார்.