ஸ்பேம் பெட்டிக்குள் போன ஆர்டர்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கார்த்திகைக்கு அகல் விளக்கு கேட்டு வந்த நிஜமான ஆர்டர் ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்ததாம். 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்' என்ற மோசடிக் கடிதமோ நேராக இன்பாக்ஸுக்கு வந்துவிட்டதாம். ஏன் இப்படி என்கிறார்.

மின்னஞ்சலில் குப்பையைப் பிரித்து ஸ்பேம் பெட்டிக்கு அனுப்பும் வடிகட்டிக்குக் கடிதத்தின் பொருள் தெரியாது, எண்ணத்தான் தெரியும். 2002இல் பால் கிரஹாம் என்ற அமெரிக்க நிரலாளர், தனக்கு வந்த நல்ல கடிதங்களைத் தனியாகவும் குப்பைகளைத் தனியாகவும் குவித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று கணினியை எண்ணவிட்டார். புதுக் கடிதம் வந்தால் அதில் எடுப்பாகத் தெரியும் 15 சொற்களைக் கொண்டு, அது குப்பையா என்று நிகழ்தகவு பார்த்தார். அதற்கு அடிப்படை, தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் எழுதி, அவர் இறந்தபின் 1763இல் அச்சான கணக்கு.

இதில் என்னை வியக்கவைப்பது ஒன்று. குப்பையைக் காட்டிக்கொடுத்தவற்றில் 'எஃப்எஃப்0000' என்ற குறியீடும் இருந்தது. வலைப்பக்கங்களில் பளீர்ச் சிவப்பு நிறத்தைக் குறிப்பது அது. ஆபாசச் சொற்களுக்கு இணையாக அது குப்பையை அடையாளம் காட்டியது! நண்பர்கள் யாரும் சிவப்பு எழுத்தில் கடிதம் எழுதுவதில்லை. விற்கத் துடிப்பவர்தான் எழுதுகிறார். உட்கார்ந்து விதி எழுதும் எவருக்கும் இது தோன்றியிருக்காது. என் அம்மா பீங்கான் கோப்பையைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓசையில் தெரிந்துவிடும். வடிகட்டியும் அப்படித்தான்.

ஆனால் மோசடிக்காரர் வங்கியின் நடையிலேயே நிதானமாக எழுதினால் சொற்களில் பிசகு தெரியாது. புது வாடிக்கையாளரின் 'விலை', 'தள்ளுபடி', 'அவசரம்' எல்லாம் குப்பையின் சொற்கள். இன்றைய வடிகட்டிகள் அனுப்பியவரின் முகவரியையும் இணைப்புகளையும் சோதிக்கின்றன. அப்படியும் சில தப்பும்.

நம் பெயரும் எண்ணும் ஏற்கெனவே வெளியே போயிருந்தால் ஏமாற்றுவது இன்னும் சுலபம். துணிக்கடையில் பில் போட செல்பேசி எண் எதற்கு? ஜெராக்ஸ் கடைக் கணினியில் நம் ஆதார் ஏன் கிடக்க வேண்டும்? தேவைக்கு மேல் தகவல் வாங்கக் கூடாது என்பதுதான் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும். கேட்டதும் கொடுக்கும் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

வாசகருக்கு: வாரம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து, நல்ல கடிதங்களுக்கு 'ஸ்பேம் அல்ல' என்று சொல்லுங்கள், வடிகட்டி கற்றுக்கொள்ளும். இந்திய வங்கிகளின் இணையதள முகவரி 'பேங்க்.இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் உத்தரவிட்டிருக்கிறது. கடிதத்திலுள்ள இணைப்பைத் தொடாமல் அந்த முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பணம் அனுப்புகிறேன் என்று யாராவது பின் நம்பர் கேட்டால் கொடுக்காதீர்கள், பணம் வாங்க அது தேவையே இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க முடியும்.