உருக்காமல் உருவாகும் உலோகக்கலவை: இயந்திரவழிக் கலப்பும் அதனை மெய்ப்பித்தலும்

திருப்பூர்ப் பின்னலாடைகளுக்கான சாம்பல்நிற மெலாஞ்சு நூல் சாயத்தொட்டியில் அந்நிறத்தைப் பெறுவதில்லை. வெள்ளைப் பஞ்சும் முன்பே கருஞ்சாயமேற்றிய பஞ்சும் நூற்பாலையில் இழைநிலையிலேயே கலக்கப்படுகின்றன. டிரா பிரேம் என்னும் இழுவைப்பொறியில் எட்டுப் பஞ்சுப் புரிகளை ஒருங்கே செலுத்தி, எட்டு மடங்கு நீட்டி, ஒரே புரியாக்குவர். அத்தகைய எட்டுப் புரிகளை மீண்டும் செலுத்தினால் 64 புரிகள் ஒன்றினுள் அடங்கும். மூன்றாம் சுற்றில் 512. உலோகத் தூள்களை உருக்காமல் அரைத்தே கலக்கும் இயந்திரவழி உலோகக்கலப்பும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. எத்தனை முறை இழுத்தாலும் கரிய இழை கரிய இழையாகவே இருக்கும். உலோகக்கலவையிலோ வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் ஒரே படிக அணிக்கோவையில் அமர வேண்டும். அரைத்தெடுத்த தூள் வெறும் கலப்பா, உண்மையான உலோகக்கலவையா என்பதை மெய்ப்பிப்பதே இம்முறையின் கடினமான பகுதி.

1966 அளவில் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவன ஆய்வகத்தில் ஜான் பெஞ்சமின் இம்முறையை உருவாக்கினார். எரிவளிச் சுழலிகளுக்கான நிக்கல் கலவையில் நுண்ணிய ஆக்சைடு துகள்களைச் சீராகப் பரப்புவது அவர் நோக்கம். உருகிய உலோகத்தில் அவை அவ்வாறு தங்குவதில்லை. அரைவைக் கலனில் பந்துகள் மோதும்போது இடையில் அகப்படும் தூள் தட்டையாகிறது, குளிர்நிலையிலேயே ஒன்றோடொன்று பற்றவைகிறது, பின்னர் உடைகிறது, மீண்டும் பற்றவைகிறது. 40 மைக்ரோமீட்டர் அடுக்கு பத்து முறை பாதியானால், கணக்களவில், சுமார் 40 நானோமீட்டராகிவிடும். அணுக்கள் கடக்க வேண்டிய தொலைவு இவ்வாறு குறைய, மோதலில் பிறக்கும் படிகக் குறைபாடுகள் அவற்றின் பரவலை விரைவுபடுத்துகின்றன.

தமிழகத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எஸ். வரலட்சுமி, எம். காமராஜ், பி. எஸ். மூர்த்தி ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு. பல தனிமங்களைச் சம அளவில் கொண்ட உயர் என்ட்ரோபி உலோகக்கலவைகளை 2004இல் தைவானில் யே குழுவினரும் பிரிட்டனில் கேன்டர் குழுவினரும் தனித்தனியே அறிமுகப்படுத்தியிருந்தனர். சென்னைக் குழுவினர் அலுமினியம், இரும்பு, டைட்டானியம், குரோமியம், துத்தநாகம், செம்பு ஆகிய ஆறையும் அரைத்துக் கலந்தனர். குரோமியம் உருகுவது 1907 பாகை செல்சியசில். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலையில் இவ்விரண்டையும் ஒன்றுசேர்ப்பது எத்துணை அரிது என்பதற்கு இவ்வெண்களே சான்று. அரைவையில் கிடைத்ததோ பொருள்மையக் கனசதுர அமைப்புடைய, 10 நானோமீட்டருக்கும் குறைந்த படிகங்கள். 800 பாகையில் ஒரு மணிநேரம் சூடேற்றிய பின்னும் நானோ அமைப்பு நீடித்தது.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் பதிவில் தனிமங்களின் உச்சிகள் மறைந்தவுடன் 'கரைந்தன' என்று எழுதிவிடும் வழக்கம் ஆய்வேடுகளில் உண்டு. இது அவசர முடிவு. படிகம் சிறுத்து உள்திரிபு மிகும்போது உச்சிகள் அகன்று தாழ்ந்து பின்னணியில் மூழ்கிவிடக்கூடும்; ஆறில் ஒரு பங்கே உள்ள, எக்ஸ்-கதிரை மெலிவாகச் சிதறடிக்கும் அலுமினியத்தின் உச்சி இன்னும் எளிதில் மறையும். தனிமம் கரையாமலே அதன் உச்சி காணாமற்போகலாம். ஆகவே, அணிக்கோவை மாறிலியின் மாற்றத்தை அளப்பதும், ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நானோ அளவில் தனிமப் பரவலை வரைபடமாக்குவதும் தேவை. சூடேற்றிப் பார்ப்பதும் உதவும். ஆனால் புதிய உச்சிகள் தோன்றினால் அவை கரையாது ஒளிந்திருந்தவையா, கரைந்திருந்து பிரிந்தவையா என்பது அச்சோதனையால் மட்டும் விளங்காது.

மாசு தனிச் சிக்கல். எஃகுப் பந்துகள் தேயும்போது இரும்பு தூளில் சேரும். கலவையிலேயே இரும்பு இருப்பின் வேதிப்பகுப்பாய்வு மொத்த அளவைக் காட்டுமேயன்றி எது சேர்த்தது, எது தேய்ந்து வந்தது என்று பிரித்துக் காட்டாது. சம அளவு என்ற அடிப்படையே குலையும். டங்ஸ்டன் கார்பைடு கலனுக்கு மாறினால் அதன் துகள்கள் வந்து சேரும். தூள் ஒட்டாதிருக்கவும் ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கவும் ஊற்றும் டொலுயீன் சிதைந்தால் கார்பன் விடுபட்டு, பின்னர்ச் சூடேற்றுகையில் டைட்டானியத்தோடும் குரோமியத்தோடும் கார்பைடாகலாம். கலன், பந்து ஆகியவற்றின் பொருள், தூளுக்கும் பந்துக்குமான எடை விகிதம், அரைத்த நேரம் ஆகியவை பெரும்பாலும் பதிவாகின்றன. அரைவைக்கு முன்னும் பின்னும் பந்துகளை நன்கு துடைத்து எடையிட்ட கணக்குதான் அரிதாக இருக்கிறது. அதற்கு நுண்ணோக்கி வேண்டாம், ஆய்வகத் தராசு போதும்.