பாலிலும் மூச்சிலும் பரவும் மாட்டுக் காசநோய்

தாம்பரத்தில் காசநோய் என்ற சொல்லைக் கேட்டதும் சானடோரியம் நினைவுக்கு வராதவர் இலர். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து அவர்கள் நிறுவிய அவ்விடத்தின் பெயரை இரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. அதற்கு அண்மையிலுள்ள சேலையூர் இன்று மாநகராட்சியைச் சேர்ந்தது. எனினும், சுற்றுவட்டாரத்தில் வீட்டின் பின்புறம் ஒன்றிரண்டு பசுக்களைக் கட்டிப் பால் விற்போர் இன்னும் இருக்கின்றனர். மனிதருக்கு வரும் இந்நோய்க்கும் அப்பசுக்களுக்கும் உள்ள தொடர்பை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டறிந்தவர் ராபர்ட் காக். மாட்டின் கிருமி மனிதரை அவ்வளவாகத் தாக்காது என்று 1901-இல் அவர் இலண்டனில் கூறியது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. அதை ஆராய அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் ஆணைக்குழு பத்தாண்டுகள் சோதனை செய்து, பாலின் வழியே மனிதருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, அக்கிருமி தொற்றும் என்று 1911-இல் நிலைநாட்டியது. அக்கிருமிக்கு மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்று பெயர். மனிதரிடையே பரவும் காசநோய்க் கிருமிக்கு இது மிக நெருங்கிய உறவு.

இது சிறு கோல் வடிவினது. இதன் மேலுறை மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. உலர்ந்தாலும் எளிதில் சாவதில்லை. மற்றப் பல கிருமிகள் அரைமணி நேரத்திற்குள் இரண்டாகப் பெருகும்போது, இதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. ஆகவேதான் நோய் மெதுவாக முற்றுகிறது. உடலுக்குள் நுழைந்த கிருமியை விழுங்கி அழிக்க வரும் வெள்ளணுக்களின் உள்ளேயே இது தங்கி வாழக் கற்றிருக்கிறது. காவலன் வீட்டிலேயே திருடன் குடியிருப்பதைப் போன்றது இது! உடல் அவ்விடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. அச்சிறு கட்டியினுள் கிருமி பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். பசு வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பாலும் கறக்கும். இளைப்பும் இருமலும் தோன்றும் முன்பே கிருமியை மற்றவற்றுக்குக் கொடுத்துவிடக்கூடும்.

வெயிலில் இது விரைவில் மடியும். இருண்ட, ஈரமான தொழுவத்துச் சாணத்திலோ பல வாரங்கள் உயிரோடிருக்கும்.

நம் தமிழ்நாட்டிலேயே இதனை ஒத்த மற்றொரு கிருமியும் உண்டு. ஓரிக்ஸ் என்னும் மானினத்தின் பெயரைக் கொண்டு மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ் என்று அதனை அழைக்கின்றனர். சென்னையில் மாட்டிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டுள்ளது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மனிதரிடமிருந்து கிடைத்த 940 கிருமி வளர்ப்புகளைச் சோதித்து, 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 7 வளர்ப்புகளில் ஓரிஜிஸ் காணப்பட்டது. போவிஸ் ஒன்றிலும் இல்லை. தொகை சிறிதுதான். ஆனால் போவிஸை மட்டுமே தேடியிருந்தால் இந்த ஏழும் அகப்பட்டிருக்காவே!

பாலைக் காய்ச்சினால் இவ்வினக் கிருமிகள் சாகும். 63 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரைமணி நேரம், அல்லது 72 பாகையில் 15 விநாடி போதும். நம் வீடுகளில் பால் பொங்கும் வெப்பம் அதனினும் மிகுதி. நம் பெண்மக்களின் அடுப்படி வழக்கம் எத்தனையோ பிள்ளைகளைக் காத்திருக்கும் என்பதே நம் எண்ணம். ஆனால் கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடித்தால் உரம் ஏறும் என்பார் இன்னும் உளர். அதனைக் கைவிட வேண்டும். பாலின் வழியே வரும் நோய் பெரும்பாலும் கழுத்து நெறிகட்டியாகவோ குடல் நோயாகவோ தோன்றும். இருமல் இல்லாததால் காசநோய் என்ற ஐயமே எழுவதில்லை. மேலும், காசநோய்க்கு வழக்கமாகத் தரும் மருந்துகளுள் ஒன்றான பைரசினமைடு போவிஸ் கிருமியிடம் இயல்பாகவே பலிப்பதில்லை. ஆதலால் மாடு வளர்ப்பவர் அச்செய்தியை மருத்துவரிடம் தாமே சொல்லிவிடுதல் நலம்.

பால் கறப்பவருக்குக் காய்ச்சுதல் மட்டும் காவலாகாது. பசுவின் மூச்சிலும் கிருமி வரும். காற்றும் வெயிலும் புகும் தொழுவமே அங்கு உதவும். தொற்று எதிர்த்திசையிலும் செல்வதுண்டு: நோயுற்ற மனிதர் இருமினால் மாட்டுக்கும் காசம் தொற்றும்.

ஒரு வியப்பையும் சொல்ல வேண்டும். பிரான்சு நாட்டின் கால்மெட், கெரான் என்னும் இருவர் 1908 முதல் 1921 வரை இந்த மாட்டுக் கிருமியையே 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைப் போக்கினர். அதுவே குழந்தை பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி மருந்து. அதனைத் தயாரிக்கும் கூடம் 1948-இல் கிண்டியில் தொடங்கப்பட்டது.

மாட்டின் நோயை அறிய, கழுத்துத் தோலில் டியூபர்குலின் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்பர். பல நாடுகளில் தடித்த மாட்டை அழித்துவிடுகின்றனர். இங்கு அது பொது வழக்கமன்று. எனவே இங்கு நேர்வது யாதெனில், இளைத்த பசுவை உடையவர் சந்தையில் விற்றுவிடுகிறார். வாங்கிய ஏழை அதைத் தம் நல்ல பசுக்களின் அருகே கட்டுகிறார். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. புதிதாக வாங்கும் மாட்டைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின்னரே மற்றவற்றோடு சேர்க்கச் செய்தல் வேண்டும். ஊரில் எவருக்கேனும் காசநோய் கண்டால், அவ்வீட்டு மாடுகளையும் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்கலாம்.