குப்பையில் எடுத்த பிள்ளை

கந்தசாமிக்குக் கந்தன் உண்டு, ராமசாமிக்கு ராமன் உண்டு. குப்புசாமியில் இருக்கும் ‘குப்பு’ தெய்வத்தின் பெயர் அன்று. அது ‘குப்பை’யின் சுருக்கம்.

சங்க காலத்தில் குப்பை என்றால் குவியல்தான். நெல்லும் உப்பும் குவிந்து கிடந்தால் அதுவும் குப்பையே. சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை என்ற ஊர்ப்பெயரில் அந்தப் பொருள் இன்னும் நிற்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பெயராக வந்தது, வீட்டுக்குப் பின்னால் சாணமும் சாம்பலும் கொட்டும் குப்பைமேடு.

பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் மறுபடி ஒரு பிள்ளை பிறந்தால், அதை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கிடத்துவார்கள், அல்லது லேசாகப் புரட்டி எடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணோ அத்தையோ, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையைக் கண்டெடுத்ததுபோல் தூக்கிக்கொள்வாள். பெற்றவள் கொஞ்சம் தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். வேண்டாமென்று வீசிய பிள்ளைமீது எமனுக்கும் ஆசை வராது, கண்ணும் படாது என்பது நம்பிக்கை. ஆண் என்றால் குப்பன், குப்புசாமி. பெண் என்றால் குப்பம்மாள், குப்பாயி. “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளைச் சீண்டுவது இந்தச் சடங்கின் மிச்சம். கேட்க இழிவாகத் தோன்றும் இந்தப் பெயரைப்போல் பாசத்தோடு வைத்த பெயர் தமிழில் அரிது.

யாசித்துப் பெற்ற பிள்ளை என்று ‘பிச்சை’, மூக்குக் குத்திவிட்ட ஆண்பிள்ளைக்கு ‘மூக்கன்’ என வைப்பதும் இதே அச்சத்தில் பிறந்த வழக்கம். தெலுங்கில் பெண்டய்யா, பெண்டம்மா. கன்னடத்தில் திப்பண்ணா, திப்பம்மா. ‘பெண்ட’, ‘திப்பெ’ இரண்டும் அங்கே எருக்குவியலைக் குறிப்பவை.

‘குப்பு’ என்ற பெயர் சாதி பார்க்கவில்லை. தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர், வடமொழி அறிஞர் குப்புசாமி சாஸ்திரி முதல் வயலில் உழைத்த குப்பன்வரை எல்லாரிடமும் இருந்தது. அதற்காக ஒவ்வொரு குப்புசாமியும் குப்பைமேட்டில் கிடந்தவர் என்று கொள்ள முடியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், சடங்கு நடக்காமலே பெயர் மட்டும் அடுத்த தலைமுறைகளுக்கு இறங்கியது.

இந்தப் பெயருக்குக் காரணமான குழந்தை இறப்பு பிறகு குறைந்தது. 1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் பெருகப் பெருக அந்தப் பழைய அச்சம் குறைந்தது. இன்று குப்புசாமி, குப்பம்மாள் என்ற பெயர்கள் பெரும்பாலும் முதியவர்களிடமும், அவர்களுடைய பிள்ளைகளின் முதலெழுத்திலுமே இருக்கின்றன.