நடை அமைவது எப்படி?

எழுத்தாளனுக்குத் தனக்கென ஒரு நடை வேண்டும் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது, எவ்வாறு அமைகிறது என்று விளக்குவோர் குறைவு. கதையோ கட்டுரையோ எழுதத் தொடங்கியிருக்கும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால், மூன்று எழுத்தாளர்களை முன்வைத்து அதைச் சற்று ஆராய்வோம்.

கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்றொரு கரிசல்காட்டுக் கிராமம் உண்டு. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அவ்வூரினர், ஏறத்தாழ ஒரே வயதினர், இளமை முதலே நண்பர்கள். ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். இசையிலும் இலக்கியத்திலும் ஒரே வகையான ஈடுபாடு கொண்டவர்கள். ஆயினும் பெயரை மறைத்துக்கொண்டு ஒரு பக்கம் படித்தால்கூட, இது இன்னார் எழுத்து என்று சொல்லிவிடலாம். இஃது எவ்வாறு நேர்ந்தது?

அழகிரிசாமி ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து பத்திரிகைகளில் பணியாற்றினார். 1950-களில் மலேயாவுக்குச் சென்று ‘தமிழ் நேசன்’ பத்திரிகையிலும் இருந்தார். அவருடைய நடை அமைதியானது, குரலை உயர்த்தாதது. ‘ராஜா வந்திருக்கிறார்’ என்னும் கதையில், ஓர் ஏழைக் குடும்பம் தீபாவளி நாளில் ஆதரவற்ற சிறுவன் ஒருவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறது. கண்ணீரை வரவழைப்பதற்கென்று ஆசிரியர் எதுவும் செய்வதில்லை. குழந்தைகள் பேசுவதை எழுதிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். வட்டாரச் சொற்கள் அவரிடம் குறைவு. ஆனால் அந்த மக்களை அறிந்த மனம் வரிக்கு வரி தெரிகிறது.

கி.ரா. ஊரிலேயே தங்கி விவசாயம் செய்தவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே கதை எழுத முற்பட்டார். திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லும் பெரியவரின் தோரணையை அப்படியே எழுத்துக்குக் கொண்டுவந்தார். வேடிக்கையாகத் தொடங்கி, வழியில் நின்று வேறொன்றைச் சொல்லி, மறுபடியும் கதைக்குத் திரும்பும் பேச்சு அது. ‘கதவு’ என்னும் கதையில், குழந்தைகள் ஏறி ஆடி விளையாடும் வீட்டுக் கதவை வரிப்பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தக் குடும்பத்தின் வறுமையை விளக்க வேறு சொற்பொழிவு தேவைப்படவில்லை. தம் மண்ணின் சொற்களைத் திரட்டி 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் அவர் வெளியிட்டார். 2021-இல் மறையும்வரை அந்தப் பேச்சுநடையே அவர் எழுத்தின் உயிராக இருந்தது.

ஆகவே, பிறந்த ஊரும் வட்டார வழக்கும் மட்டுமே நடை ஆகிவிடா. எதைக் கவனிக்கிறோம், எவ்வளவு அருகில் நின்று பார்க்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம், யாரிடம் பேசுவதாக நினைத்து எழுதுகிறோம் என்னும் நான்கும் சேர்ந்துதான் நடை உருவாகிறது.

இங்கே சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். “எங்களுக்கு இடைசெவலும் இல்லை, திண்ணையும் இல்லை. வெளிமாநிலத்தில் பிறந்தோம், வீட்டில் ஒரு தமிழ், வீதியில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். எங்களுக்கு ஏது நடை?” என்பார்கள். அவர்கள் அசோகமித்திரனைப் படிக்க வேண்டும். 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்து, இருபது வயதுக்குமேல் சென்னைக்கு வந்தவர் அவர். ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ என்னும் நாவலில், ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த காலத்தை ஒரு தமிழ்க் கல்லூரி மாணவனின் கண்களால் காட்டினார். பல மொழிகளுக்கு நடுவே வாழும் ஒருவனின் தயக்கத்தையும் கூர்மையான கவனத்தையும், அலங்காரமற்ற சிறு சிறு வாக்கியங்களில் சொன்னார். நாம் குறையென்று நாணுவதே அவருக்கு முதலாயிற்று.

இனி, நாம் செய்யக்கூடியவை என்ன? முதலில் பிடித்த ஆசிரியரைப் பின்பற்றி எழுதுவதில் தவறில்லை. நாதஸ்வரம் பயிலும் பிள்ளை குருவின் வாசிப்பைத்தான் முதலில் வாசிக்கிறான். ஆனால் ஒருவரோடு நின்றுவிடாமல் பலரையும் பயில வேண்டும். எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நாக்கு இடறுகிறதோ, எந்த வாக்கியத்தை உங்கள் வீட்டாரிடம் சொல்லக் கூசுவீர்களோ, அது பெரும்பாலும் இரவல் வாக்கியம். “நீலவானில் வெண்ணிலா தவழ்ந்தது” என்று கை தானாக எழுதினால் நிறுத்திவிட்டு, நேற்றிரவு விடுதி மாடியில் உண்மையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியும் கொடியில் உலரும் துணியும் பக்கத்து அறையில் ஒருவன் தாயோடு தொலைபேசியில் பேசும் ஓசையும் நினைவுக்கு வந்தால், அவற்றையே எழுதுங்கள்.

இதைத் தள்ளிப்போடுவதற்கும் இல்லை. ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு, அம்மாவும் ஆச்சியும் பேசிய சொற்கள் ஆண்டுக்கு ஆண்டு நழுவிக்கொண்டிருக்கின்றன. அகராதியில் ஏறாத சொல் எழுத்திலும் ஏறாவிட்டால் நம் தலைமுறையோடு போய்விடும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.